கல்லில் வெட்டாத வசனம்

என் உயிருக்கு மேலான ரூபி அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்க யாருடைய உதவியும் தேவைப்படாது என்று நம்பி எழுதுகிறேன். சர்க்கரை வியாதி பறித்துக்கொண்ட உன் கண்கள் இரண்டும் உனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். இந்தக் கடிதத்தைச் சபையின் மாத இதழில் போடச் சொல்லிப் போதகர் ஐயாவிடம் கொடுத்திருக்கிறேன். உனக்கு எழுதுவதை ஊர் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பாய். காரணம் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் ஊர்ச் சேதி. சம்பா அறுப்புக்கு நிற்கிறது. இந்த வருஷம் பயிர் என் தலை உயரம். சரி, இடுப்பு உயரம். புது ஆற்றுக் கால்வாயில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், ஆகையால் எனக்குப் பம்புசெட் பழுதுபார்க்கும் வேலை தலைக்கு மேல். ஒரத்தநாட்டிலிருந்து அதிராம்பட்டினம் வரைக்கும் என் கை படாத பம்புசெட் மோட்டார் கிடையாது என்று நான் சொல்வது உனக்குத் தெரியும். அதில் பாதியை நீ எப்போதும் கழித்துக்கொள்வாய். இப்போதும் கழித்துக்கொள்.

இனிச் சொல்லப்போவதில் எதையும் கழிக்காதே.

உன் மகள் சுகிர்தாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவள் கடவுளைப் பிடித்துக்கொண்டிருந்த பிடி என் வாயால் அறுந்துவிட்டது. அவள் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், வாசிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் அல்லவா? சுகிர்தாவுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவம் ஆனது. பெண் குழந்தை. காலையில் பிறந்து, மதியச் சோற்று நேரத்துக்குள் போய்விட்டது. ஞானஸ்நானம் கொடுக்கப் போதகர் ஐயா வண்டியில் வந்துகொண்டிருந்தார். பாதி வழியில் அவருக்குச் சேதி போனது. நம் வீட்டில் ஞானஸ்நானத் தண்ணீர் நெற்றியில் படும்போதுதான் பிள்ளையின் பெயரை முதல்முறை உரக்கச் சொல்வது. அதற்கு முன் யாரும் சொல்லக்கூடாது என்று நீதான் சுகிர்தாவின் வாயைக் கட்டி வைத்திருந்தாய். அவள் மனதில் வைத்திருந்த பெயர் அவளோடே நின்றுவிட்டது. அடக்கப் பதிவேட்டில் ‘பெயர்’ என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டு, பக்கத்தில் ‘சுகிர்தாவின் பெண் குழந்தை’ என்று எழுதினார்கள். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.

அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு வந்து உன் வீட்டில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் நான்கு மாதம் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை எபினேசர் அறுவடை இயந்திரம் ஓட்டிவிட்டுச் சனிக்கிழமைதோறும் வந்து அவள் காலடியில் உட்கார்ந்திருப்பார். பார்க்க வந்த எல்லோரிடமும் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். “கடவுள் என் பிள்ளைய என்னன்னு கூப்பிடுவாரு?” வந்தவர்கள் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் உனக்குக் கண் முழுதாகப் போனது. மதியம் சாப்பிட்ட பிறகு நான் வந்து உன் கட்டிலருகே நாற்காலி போட்டு வேதம் வாசிப்பேன். எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான். ஒருமுறை படித்தவனைவிட இரட்டிப்புப் படிப்பு என்று ஊரெல்லாம் பெருமை பேசியவன். ஆனால் அந்தப் புத்தகத்தின் தமிழ் வேறு தமிழ். சில வரிகளில் வார்த்தை வார்த்தையோடு பின்னிக்கொண்டு கிடக்கும். எனக்குத் தடுமாறும்.

“என்னடா, மூச்சு வாங்குது?” என்பாய்.

“எழுத்து பொடியா இருக்குக்கா.”

“எழுத்து பொடியா, ஒன் படிப்பு பொடியா?”

ரோஷம் வந்துவிடும். தடுமாறுகிற இடங்களில் நானே வாயால் பாலம் போட ஆரம்பித்தேன். வேதத்து நடை எனக்கு நன்றாக வரும். இரண்டு வரி அதில் இருப்பது, ஒரு வரி என்னுடையது. கொஞ்ச நாளில் இரண்டு வரி என்னுடையது, ஒரு வரி அதில் இருப்பது. சமயத்தில் உன் உதடு கோணும். ஆனால் நீ ஒன்றும் சொன்னதில்லை. வேதத்தைப் பாதிக்கு மேல் மனப்பாடமாக வைத்திருந்தவள் நீ. தெரியாமலா இருந்திருக்கும்?

அந்த ஒரு நாள். தீர்க்கதரிசிகளின் புத்தகங்களில் எங்கேயோ ஒரு பக்கம். வரி சிக்கிக்கொண்டது. அடுத்த அறையில் சுகிர்தா படுத்திருந்தாள். என் வாய் தன்னால் ஓடியது. “பேரிடப்படாமல் போன உன் பிள்ளைக்கு நானே பேர் வைத்திருக்கிறேன், அதை என் நெஞ்சில் எழுதியிருக்கிறேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்.”

உன் கை கட்டில் சட்டத்தில் அப்படியே நின்றது. “ஆமென்” என்றாய்.

நிமிர்ந்து பார்த்தால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சுகிர்தா நிற்கிறாள். நான்கு மாதத்துக்குப் பிறகு எழுந்து நிற்கிறாள். “மாமா, அத இன்னொரு தடவ படிங்க.”

படித்தேன். அதாவது, சொன்னேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது எழுத்து மாறாமல் சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அன்று சாயங்காலம் அவள் ரசம் ஊற்றிச் சோறு சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தலை வாரிக்கொண்டு ஆராதனைக்கு வந்தாள். நான் முன் வரிசையில் உட்கார்ந்து, இவளை எழுப்பியது யார் தெரியுமா என்று பார்ப்பவர்களிடமெல்லாம் கண்ணாலேயே கேட்டேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பலித்த மருந்து ஆயிற்றே என்று, பிள்ளையை இழந்த வேறு மூன்று வீடுகளிலும் போய் அதே வசனத்தைச் சொன்னேன். ஒருத்தர் டைரியில் எழுதி வைத்துக்கொண்டார். இந்தக் கடிதத்தைச் சபை இதழில் போடச் சொன்னதற்கு அதுதான் காரணம், அக்கா. அந்த மூன்று வீட்டாரும் இதைப் படிக்க வேண்டும். ஐயா, அம்மா, அந்த வரியை அடித்துவிடுங்கள். அது வேதத்தில் இல்லை. அது இந்தச் செல்லதுரை சொன்னது. உங்கள் வீட்டுக்கு நேரில் வரவும் வருவேன். வந்தால் கதவைத் திறப்பீர்களோ என்னவோ.

பிறகு நீ போய்விட்டாய். பிள்ளையை அடக்கம் பண்ணின இடத்துக்குப் பக்கத்திலேயே உனக்கும் இடம் கிடைத்தது. வருஷ நினைவுக்குக் கல் நடலாம் என்று சுகிர்தா தஞ்சாவூரில் கிரானைட் கடைக்குப் போனாள். உன் பெயர், அதன் கீழே அந்த வசனம். உனக்கும் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து ஒரே கல். கடையிலிருந்தே போன் பண்ணினாள்.

“மாமா, வசனத்துக்குக் கீழ எந்த அதிகாரம்னு போடணுமாம். கல்லு வெட்டுறவரு கேக்குறாரு. நம்ம ஆளுங்க கல்லுன்னா அது இல்லாம வெட்ட மாட்டாராம்.”

நான் அப்போது ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். கை நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை. “எரேமியா நாப்பத்தேழு, பன்னெண்டு” என்றேன்.

அந்த அதிகாரத்தில் மொத்தமே ஏழு வசனம்தான், அக்கா.

கல் வெட்டுகிற மனிதருக்கு அது தெரிந்திருக்கிறது. எத்தனை கல்லறைக்கு வெட்டியிருப்பார்! “அம்மா, அங்க ஏழோட முடிஞ்சிடும். சரியாப் பாத்துட்டு வாங்க, கல்லுல வெட்டிட்டா அழிக்க முடியாது” என்று அனுப்பிவிட்டார். நான் பழைய மொழிபெயர்ப்பில் எண் மாறியிருக்கும் என்றேன். அவள் பழைய புத்தகத்தையும் தேடினாள். பிறகு போதகர் ஐயாவிடம் போனாள். எந்த வார்த்தை வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் பெரிய புத்தகம் ஒன்று அவரிடம் இருக்கிறது. அவர் அதை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பொழுது முழுவதும் பார்த்துக் கொடுத்தார்.

அன்று அவள் சமையலறைத் தரையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். அவள் தலை நிமிரவில்லை.

“எங்கயும் இல்லையாம் மாமா. அதோட கருத்து இருக்கு, வார்த்த இல்லைங்கிறாரு ஐயா. எனக்குக் கருத்து எதுக்கு? நான் இவ்ளோ நாளும் வார்த்தையத்தானே பிடிச்சிக்கிட்டு கெடந்தேன்.”

“வேற மொழிபெயர்ப்புல...”

“விடுங்க மாமா.” காம்பை ஒடித்துப் போட்டாள். “இருக்குன்னு நம்புன ஒண்ணு இல்லைன்னு ஆயிடுச்சு. மத்ததெல்லாம் மட்டும் என்ன நிச்சயம்? நாம அழக்கூடாதுன்னு அந்தக் காலத்துல யாரோ இதமா எழுதிவச்சிட்டுப் போனதுதானோ என்னமோ. மொத்தமும்.”

அது வரைக்கும் எப்படியாவது சமாளித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பழி புத்தகத்தின் மேல் போனதும் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் செய்த திருட்டுக்கு யார் கையிலோ விலங்கு மாட்டுவதைப் போல இருந்தது.

“சுகி, வேதம் பொய் சொல்லலம்மா. நான்தான் சொன்னேன்.”

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. கீரைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சிங்கப்பூர்க் கப்பல்ல ஆறு மாசம் மோட்டார் பாத்தேன்னு சொல்வீங்களே?”

“நாகப்பட்டினம் வரைக்குந்தாம்மா போனேன். கப்பல்ல ஏத்தல.”

“புது ஆத்துல முதலையப் பிடிச்சது?”

“உடும்பு. அதுவும் நழுவிடுச்சு.”

“கலெக்டர் கை குடுத்தாரே?”

“கையக் காட்டுனாரு. கூட்டத்துக்கே காட்டுனாரு.”

அவள் உதடு ஒரு நொடி சிரிப்பதற்குப் போய்த் திரும்பி வந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள். “அம்மா கடைசில என் பேரச் சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனாங்கன்னு சொன்னீங்களே, அது?”

“அது நெசம்மா! சத்தியமா நெசம். சுகி, சுகின்னு ரெண்டு தடவ.”

“எப்படி மாமா நம்புறது?”

அக்கா, உன் கடைசி நேரத்தில் அறையில் நீயும் நானும் மட்டும்தானே இருந்தோம். அவள் டாக்டரைக் கூப்பிட ஓடியிருந்தாள். சாட்சிக்கு நீ ஒருத்தி, உன்னைக் கூப்பிட முடியாது. ஆயுசில் நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன ஒரே சேதி அது. அது செல்லாமல் போய்விட்டது. அவளிடம் எத்தனை முறை சத்தியம் செய்தாலும், செய்வது இந்த வாய்தானே?

மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வேதப் புத்தகத்தை எடுத்து அலமாரிக்கு மேலே பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். மாப்பிள்ளை வாசலுக்கு வெளியே என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் கெஞ்சினார். “மாமா, அன்னைக்கு ஒரு வசனம் சொல்லித்தானே எழுப்புனீங்க. இன்னொண்ணு சொல்லுங்களேன். எதையாவது சொல்லுங்க. அவ சாப்பிட்டாப் போதும் எனக்கு.” பாவம், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொல்வதற்கு என் நாக்கு நுனியில் நான்கைந்து தயாராக நின்றன. முன்னதைவிட நன்றாகவே இருந்தன. வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

நான்காம் நாள் அவளே ஸ்டூல் போட்டு ஏறிப் புத்தகத்தை இறக்கினாள். என் மடியில் தொப்பென்று வைத்தாள்.

“மொதல்லேருந்து படிங்க. ஒரு வரி விடக்கூடாது. நான் பக்கத்துல உக்காந்து வெரல் வச்சிக்கிட்டே வருவேன்.”

“நீயே படிச்சிக்கலாமேம்மா, காலேஜ் படிச்சவ.”

“ஒங்க வாயிலேருந்துதானே வந்திச்சு. உண்மையா இருந்தா அதே வாயில வரட்டும். கடைசிப் பக்கம் வரைக்கும் பாப்போம். என் பிள்ளைக்கு ஒரு வரியாவது இருக்கா இல்லையான்னு தெரிஞ்சாகணும்.”

அது ஆவணி மாதம். அன்றிலிருந்து தினம் நான்கு அதிகாரம் வாசிக்கிறோம், அக்கா. என்ன பாடுபடுகிறேன் தெரியுமா? தடுமாறினால் அவள் விரல் அங்கேயே நிற்கும். எழுத்துக் கூட்டித்தான் தாண்ட வேண்டும். அப்பன் பெயரும் மகன் பெயருமாகப் பக்கம் பக்கமாக ஓடும் அதிகாரங்கள் இருக்கின்றன அல்லவா? உனக்கு வாசிக்கும்போது, “இப்படியாக நிறைய பேர் இருந்தார்கள்” என்று ஒரே தாவாகத் தாவிவிடுவேன். இவளிடம் தாவ முடியாது. நாக்குச் சுளுக்கும் பெயர்கள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் பெருமூச்சு விட்டாள். “இத்தன பேருக்கு எடம் இருந்திருக்கு” என்றாள்.

அதைவிட மோசம் அந்த ராஜாவின் கதை. அவன் செய்த பாவத்தால் அவன் பிள்ளை நோயில் கிடக்கிறது, ராஜா தரையில் விழுந்து பட்டினி கிடந்து மன்றாடுகிறான், ஏழாம் நாள் பிள்ளை இறந்துவிடுகிறது. அது வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். வாசித்தேன். பிள்ளை இறந்த சேதி கேட்டதும் ராஜா எழுந்து, குளித்து, சோறு கேட்டுச் சாப்பிட்டான் என்ற இடம் வந்ததும் சுகிர்தாவின் விரல் நின்றது.

“எப்படி மாமா அவனுக்குச் சோறு எறங்குச்சு?”

“தெரியலம்மா. எழுதல.”

“அந்தப் பிள்ளைக்குப் பேரு?”

முன்னும் பின்னும் புரட்டினேன். “அதுவும் எழுதலம்மா.”

அவள் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம்கூட வந்தது. ஒரு பெயரை எழுதியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

அப்போதுதான் ஒன்று உறைத்தது, அக்கா. படித்தவர்கள் வேதம் உண்மை என்பதற்குப் பெரிய பெரிய காரணங்கள் சொல்வார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. பொய்யைப் பற்றி எனக்குத் தெரியும். அதில் இந்தத் தாலுகாவில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இது பெருமைக்குச் சொல்வது இல்லை. கேட்கிறவர் முகம் எங்கே மலரும் என்று பார்த்து அந்தப் பக்கமாக ஓடுவதுதான் பொய். அந்தக் கதையை நான் எழுதியிருந்தால் ஏழாம் நாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து பால் கேட்டிருக்கும். இறந்தே போனாலும் அதற்கு ஒரு அழகான பெயராவது வைத்திருப்பேன். இந்தப் புத்தகம் அதைச் செய்யவில்லை. தன் ராஜாவே குற்றவாளி என்று எழுதி வைத்திருக்கிறது, பிள்ளை போய்விட்டது என்று எழுதி வைத்திருக்கிறது, ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. இது என்னைப் போன்ற ஒருத்தன் கட்டியது அல்ல. அது மட்டும் எனக்கு நிச்சயம்.

ஆனால் அந்த நிச்சயத்தை வைத்துக்கொண்டு சுகிர்தாவுக்கு என்ன செய்வது? அவளுக்கு வேண்டியது ஒரு வரி. நான் கொடுத்த பொய்யில் அது இருந்தது, நிஜத்தில் இது வரை வரவில்லை. அன்றைக்கு நீ ஏன் ஆமென் சொன்னாய், அக்கா? கதவருகே அவள் நிற்பது உன் காதுக்குத் தெரிந்துவிட்டதா? பெயரைச் சொல்லாதே என்று அவள் வாயைக் கட்டினது உன் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்ததா? அல்லது அது வேதத்தில் இல்லாவிட்டாலும் கடவுளிடம் இருக்கும் என்று உனக்கு ஏதாவது தெரிந்திருந்ததா? ஒரு தடவையாவது, “டேய், அது அங்க இல்லடா” என்று சொல்லியிருக்கலாமே. நான் அடங்கியிருப்பேனே.

கல்லை நட்டாயிற்று. உன் பெயர் மட்டும் இருக்கிறது. வசனத்துக்கு விட்ட இடம் மழமழவென்று காலியாக இருக்கிறது.

நேற்று சங்கீதத்தின் கடைசிப் பக்கங்களுக்கு வந்துவிட்டோம். வெளியே இயந்திரம் அறுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் கத்திக் கத்தித்தான் வாசித்தேன். நட்சத்திரங்களை எண்ணி, அவற்றையெல்லாம் கடவுள் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று ஒரு வரி வந்தது. நானே வாசித்துவிட்டு நானே நின்றுவிட்டேன்.

அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். விரலை வைத்து ஒருமுறை வாசித்தாள். என்னை நம்பாமல் இன்னொருமுறை வாசித்தாள்.

“இருக்கு” என்றாள்.

“இருக்கும்மா.”

“ஆனா நட்சத்திரத்துக்குத்தானே மாமா சொல்லியிருக்கு. பிள்ளைக்குன்னு இல்லையே.”

அக்கா, என் நாக்கு எப்படித் துடித்தது என்று உனக்குச் சொல்லி மாளாது. அந்த நட்சத்திரம்தாம்மா பிள்ளை, அதுக்கு அர்த்தமே அதுதான், பெரிய பெரிய போதகரெல்லாம் அப்படித்தான் சொல்லியிருக்காங்க. எல்லாம் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டன. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்லிவிட மாட்டேனா என்று ஏங்குகிற பார்வையா, சொல்லித் தொலைக்கப் போகிறேனே என்று பயப்படுகிற பார்வையா, எனக்குத் தெரியவில்லை.

“ஆமாம்மா,” என்றேன். “நட்சத்திரத்துக்குன்னுதான் போட்டிருக்கு.”

இயந்திரம் வயலின் கோடிக்குப் போய்த் திரும்பியது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை என் மடிக்கே தள்ளினாள்.

“ம். மேல படிங்க.”

இன்னும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் புத்தகம் பாக்கி இருக்கிறது. அதில் அவளுக்கான வரி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும், நீ சொல்லப்போவதில்லை. பயத்தோடுதான் பக்கம் புரட்டுகிறேன். ஆனாலும் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அக்கா. என் கண்ணும் நாக்கும் இருக்கும் வரை அவள் விரலுக்குக் கீழே இருப்பதை மட்டும் வாசிப்பேன். கடைசிப் பக்கத்தில் அவள் நிமிர்ந்து கேட்கும்போது, இருந்தால் இருக்கிறது என்பேன். இல்லாவிட்டால், இல்லை என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன்.

நாளைக்கு நான்கு அதிகாரம் இருக்கிறது.

உன் கூடப்பிறந்த தம்பி,
சுகிர்தாவின் தாய்மாமன்,
செல்லதுரை